சாத்தனேரிக்குப் போன பிரதி

பச்சையைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். முப்பிடாதிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பச்சையைப் பார்த்துத்தான் பயம் பிடித்தது.

அவள் முன்னால் இருந்த பெரிய திரையில் தமிழ்நாட்டு வரைபடம். ஒவ்வொரு தியேட்டரும் அதில் ஒரு புள்ளி. படக்கோப்பு இன்னும் போகவில்லை என்றால் சாம்பல், போய்க்கொண்டிருந்தால் மஞ்சள், போய்ச் சேர்ந்து ஓடத் தயார் என்றால் பச்சை, கோளாறு என்றால் சிவப்பு. விரலால் ஒரு படத்தை இழுத்து ஒரு மாவட்டத்தின் மேல் விட்டால் போதும், அங்கே உள்ள கொட்டகைகள் எல்லாம் மஞ்சளாகிப் பச்சையாகிவிடும். அந்தக் காலத்தில் படப்பெட்டியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, அடுத்த காட்சிக்குள் அடுத்த ஊருக்கு மிதித்தார்களாம். இவள் வடபழனியில் குளிர்பதன அறையில் உட்கார்ந்து, ஒரு துளி வியர்வை சிந்தாமல், தினமும் ஊர் ஊராகப் படம் அனுப்பிக்கொண்டிருந்தாள். 'திரைப்பாலம்' என்று கம்பெனிக்குப் பெயர். முப்பிடாதி என்ற பெயர் அங்கே யார் வாயிலும் நுழையாததால் ஆதி ஆகியிருந்தாள்.

அன்றைக்கு அவள் போன் போட்டது சாத்தனேரி கமலவேணி தியேட்டருக்கு. சொந்த ஊர். ஆபரேட்டர் மாடசாமி அவள் பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து தெரிந்தவர். வெள்ளிக்கிழமை வெளியான 'ஏழாம் மடை' படத்தில் சத்தம் சரியாக வரவில்லை என்று அங்கிருந்து ஒரு புகார் வந்திருந்தது.

"அண்ணே, ஆதி பேசுறேன். முப்பிடாதி. சத்தம் சரியாயிடுச்சா?"

"யாரு, குத்தாலிங்கம் அண்ணாச்சி மவளா? சத்தமெல்லாம் கும்முனு இருக்கு பிள்ள. கிளைமாக்ஸ்ல நம்ம பயலுவ அடிக்கிற விசில்லதான் ஒரு எழவும் கேக்க மாட்டேங்கு."

"விசிலா? அது அழுவுற சீன்லாண்ணே?"

"அழுவுற சீனா? எவன் அழுதான்? அந்தப் பயல தண்ணி உருட்டி இழுத்துட்டுப் போவும்போது கொட்டகையே எந்திரிச்சு நின்னு ஆடுதுல்லா!"

"எந்தப் பயல?"

"மருமவப் பயலத்தான். வாய்க்காலுக்குள்ள நிக்கச் சொல்லிட்டு மாமனாரு மடையத் திறந்து விடுதாருல்லா. படம் அனுப்புதவ நீ, எங்கிட்டக் கத கேக்க?"

மாடசாமி அண்ணன் மத்தியானத்திலேயே ஊற்றிக்கொண்டாரோ என்றுதான் முதலில் நினைத்தாள். ஏனென்றால் அந்தப் படத்தை அவள் பார்த்திருந்தாள். ஊழியர்களுக்கென்று போட்ட முன்காட்சியில் அழுது மூக்கு சிவந்து வெளியே வந்தவள் அவள். சாதி விட்டுச் சாதி கல்யாணம் செய்துகொண்ட மகளை மூன்று வருஷம் ஒதுக்கி வைத்த ஒரு விவசாயி, கடைசியில் மண்வெட்டியோடு போய், மருமகன் வயல் பக்கம் தண்ணீர் போகாமல் தலைமுறையாக அடைத்துக் கிடந்த ஏழாவது மடையைத் திறந்து விடுகிறார். "தண்ணிக்கு ஏது மாப்ள வரப்பு?" என்கிறார். அந்த இடத்தில் கல்லும் கரையும். மருமகனைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போவதாவது!

"அண்ணே, மேட்னி இப்ப ஓடுதா? கடைசி ரீல் வரும்போது போனைத் திரை பக்கம் பிடிங்களேன்."

"ரீலா? ஒங்க அப்பா காலத்துப் பேச்சு. சரி, இரி."

காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மடை திறக்கும் இசை வந்தது. அதே இசைதான். அதே நடிகரின் கனத்த குரல்தான். ஆனால் அந்தக் குரல், "வரப்பத் தாண்டுனவனத் தண்ணி விடாதுலே," என்றது. ஒரு இளைஞனின் அலறல். அதை மூடிக்கொண்டு விசில். கைதட்டல் ஓயவே இல்லை.

ஆதி போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். சாத்தனேரிப் புள்ளி சமத்தாகப் பச்சையில் இருந்தது. தொட்டுத் திறந்தாள். வடபழனியில் ஓடும் பிரதியும் சாத்தனேரியில் ஓடும் பிரதியும் பெயர் ஒன்று, நீளம் ஒன்று, எடை ஒன்று. எவனோ நடுவில் புகுந்து விளையாடியிருக்கிறான், அது மட்டும் நிச்சயம். யார்? அவளுக்கு யாரைப் பார்த்தாலும் திருடனாகத் தெரிந்தது.

இன்னொரு நாளாக இருந்திருந்தால் ஒரு புகாரை எழுதிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருப்பாள். ஆனால் அன்று சாயங்காலக் காட்சிக்கு அவளுடைய அப்பா அந்தப் படத்துக்குப் போகிறார். பக்கத்தில் அவருடைய புது மருமகனை உட்கார வைத்துக்கொண்டு.

ஆதியின் தங்கை செண்பகவல்லி பரிதியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மூன்று மாதமாகிறது. பரிதி தெரு வேறு, ஆட்கள் வேறு. அப்பா குத்தாலிங்கம் வீட்டு வாசலில் நின்று, "எனக்கு ஒரே மவதான், அவ மெட்ராஸ்ல இருக்கா," என்று ஊர் கேட்கச் சொன்னார். சண்முகவேல் சித்தப்பா அதோடு நிற்கவில்லை. பரிதி வேலை பார்த்த கடைக்கே போய், "கை கால் பத்திரம் மாப்ள," என்று சிரித்துவிட்டு வந்தார். அப்பேர்ப்பட்ட வீட்டிலிருந்து போன வாரம் திடீரென்று விருந்துக்கு அழைப்பு. சாத்தனேரிப் பக்கம் அது ஒரு மரியாதை: புது மாப்பிள்ளைக்குக் கறிச்சோறு போட்டு, சாயங்காலம் குடும்பத்தோடு சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். தாலி கட்டியதைக்கூட ஊர் மறந்துவிடும். தியேட்டரில் மாமனார் பக்கத்து சீட்டில் மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டால் அதற்கு மேல் எவனும் வாய் திறக்க முடியாது.

செண்பா போனில் குதித்த குதியில் ஆதியும் சேர்ந்து குதித்தாள். குதித்தவள் சும்மா இருந்திருக்கலாம். "ஏளா, ஏழாம் மடைக்கே போங்க. கடைசி சீனை அப்பா கண்டிப்பா பார்க்கணும். அதைப் பார்த்துட்டார்னா எல்லாம் சரியாயிடும்," என்று சொல்லி வைத்தாள். மனுஷன் சொல்லிக் கேட்காததை சினிமா சொல்லிக் கேட்பான் என்பது நம் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை ஆயிற்றே.

பக்கத்து மேஜை டேவிட்சனிடம் கேட்டாள். ராயபுரத்துக்காரன், எதையும் கிண்டல் பண்ணாமல் பதில் சொல்ல மாட்டான். அன்று கிண்டல் பண்ணவில்லை. அதுவே அவளுக்கு சந்தேகமாக இருந்தது.

"டேவிட், உண்மையைச் சொல்லு. சாத்தனேரி பிரதியில யாராவது கை வெச்சாங்களா?"

"நான் ஏன்மா கை வெக்கப் போறேன்? நீ சம்பந்தம் சார் கிட்ட கேளு." அவன் தன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கேக்காம இருந்தாலும் நல்லதுதான்."

"என்ன தெரியும் உனக்கு?"

"தெரிஞ்சா நான் இங்க இன்னாத்துக்கு இருக்கேன்? போய்க் கேளு, போ."

சம்பந்தம் சார்தான் விநியோகத்துக்குத் தலைமை. விபூதி, வெள்ளைச் சட்டை, யாரையும் 'ம்மா' போடாமல் கூப்பிட மாட்டார். ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசுக்கு வருகிற ஜாதி. ஆதி சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தாள். அவர் டிபன் பாக்ஸை மூடினார்.

"யாரும் கை வெக்கலம்மா. அது அப்படித்தான் வேலை செய்யும்."

"எப்படித்தான்?"

"திரைக்கு மேல கேமரா இருக்கில்ல, ஜனங்க முகத்தைப் படிக்கிறது? முதல் நாள் ஒவ்வொரு காட்சிக்கும் ஒவ்வொரு முடிவு போகும். எந்த முடிவுக்கு முகம் மலருதோ, அதுதான் அந்த ஊருக்கு நிக்கும். கோப்பு ஒண்ணுதான். எல்லா முடிவும் உள்ளேயே இருக்கு. அதனாலதான் உனக்கு எடை வித்தியாசம் தெரியல."

"டைரக்டருக்குத் தெரியுமா சார்?"

"ஒப்பந்தத்துல இருக்கு. கையெழுத்துப் போட்டிருக்கார். படிச்சாரான்னு என்னைக் கேக்காதே. மிச்ச முடிவுக்கெல்லாம் நடிகரைக் கூப்பிடக்கூட வேண்டாம், மிஷினே நடிச்சுக்கும்."

"சார், ஒரு கொலையைக் காட்டிக் கைதட்ட வெச்சிருக்கோம்!"

"நாம வெக்கலம்மா. கைதட்டினது ஊரு. காஞ்சிபுரத்து இட்லியும் மதுரை இட்லியும் ஒண்ணா இருக்கா? ஊருக்கு ஊர் ருசி. பரிமாறுறவன் வாய் பேசக் கூடாது." அவர் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "ஆறு ஊர்ல அந்த முடிவு ஓடுது. அங்கெல்லாம் ஹவுஸ்ஃபுல். மத்த ஊர்ல நீ பார்த்ததுதான் ஓடுது. நல்லவங்கதான் ஜாஸ்தி, சந்தோஷப்படு."

"சாத்தனேரிக்கு இன்னிக்கு ஒரு காட்சிக்கு மட்டும் மாத்திக் கொடுங்க சார். என் அப்பா பார்க்கப் போறார். என் தங்கை வீட்டுக்காரனோட."

சம்பந்தம் சார் டிபன் பாக்ஸைக் கையில் எடுத்தார். "சினிமா பார்த்துட்டு யாரும் எதுவும் செய்ய மாட்டாங்கம்மா," என்றார். பிறகு அதைக் கழுவ எழுந்து போய்விட்டார்.

நல்ல ஆள்தான்! அதையே நம்பித்தான் சம்பளம் வாங்குகிறார். அதற்கு எதிரானதை நம்பித்தான் ஆதி தங்கைக்கு யோசனை சொன்னாள். வெளியே வந்து செண்பாவுக்குப் போன் போட்டாள்.

"யக்கா! கறிச்சோறு ஆச்சு. அப்பா அவுகளுக்குத் தன் கையால குழம்பு ஊத்துனாரு தெரியுமா? நான் அடுப்படிக்குள்ள போயி அழுதேன்."

"செண்பா, நான் சொல்றதைக் கேளு. அந்தப் படத்துக்குப் போகாத. வேற எதுக்காவது போங்க."

"என்ன சொல்லுத? நீதான போவச் சொன்ன?"

"அங்க ஓடுறது வேற முடிவு. மாப்பிள்ளையைக் கொல்ற முடிவு. ஊருக்கு ஊர் மாத்தி அனுப்புறாங்க."

மறுமுனையில் சிரிப்பு. "ஒனக்கு வேல சாஸ்தியாயிட்டு யக்கா. ஒரு படத்துக்கு ரெண்டு முடிவா? போய்த் தூங்கு."

"யாரு டிக்கெட் எடுத்தா?"

"சித்தப்பாதான். அவரு ஏற்கனவே ரெண்டு தடவ பாத்துட்டாராம். அண்ணன் பாத்தே ஆவணும்னு ஒத்தக் கால்ல நிக்காரு."

ரெண்டு தடவை பார்த்தவர்! தெரிந்துதான் கூட்டிக்கொண்டு போகிறார். "படம் விட்டு எங்க போறீங்க?"

"தோப்பு வீட்டுக்கு. சித்தப்பா அங்கன கோழி அடிக்கச் சொல்லிருக்காரு. ராத்திரி அங்கதான்."

"தோப்பு வீட்டுக்குப் போகாத. படம் விட்டதும் பரிதியைக் கூட்டிக்கிட்டு நேரா பஸ் ஏறு. எதுவும் கேட்காத, ஏறு."

செண்பாவின் குரல் மாறியிருந்தது. "அப்பாவயா சந்தேகப்படுத?"

"சித்தப்பாவை."

"அப்பா பக்கத்துல இருக்கும்போது சித்தப்பா என்ன செய்வாரு? அப்ப நீ அப்பாவத்தான் சொல்லுத." அவள் மூச்சு வாங்கினாள். "மூணு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் 'சாப்ட்டியாட்டி'ன்னு கேட்டாரு. இப்ப வரமாட்டேன்னு சொன்னேம்னா பழையபடி மூஞ்சத் தூக்கிருவாரு. நீ மெட்ராஸ்ல ஒக்காந்துக்கிட்டு எங்க சந்தோஷத்துல மண்ணள்ளிப் போடாத. வையி."

பரிதிக்குப் போட்டாள், எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டாள். போலீசுக்குச் சொல்லலாம், சொன்னால் என்னவென்று சொல்வது? எங்கள் கம்பெனி அனுப்பிய படத்தின் முடிவு சரியில்லை, அதனால் என் அப்பா மேல் எனக்கு சந்தேகம் என்றா? சாத்தனேரி ஸ்டேஷனில் போனை எடுத்த ஏட்டு பொறுமையாகக் கேட்டார். "சினிமா விஷயமெல்லாம் தியேட்டர்ல சொல்லுங்கம்மா," என்று வைத்துவிட்டார்.

அதற்குள் சாயங்காலக் காட்சிக்கு ஆள் விட ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளே போகிறவர்கள் போனை ஒரு பைக்குள் போட்டுப் பூட்டிக் கொடுத்துவிட வேண்டும். யாரும் படத்தைத் திருட்டுத்தனமாக எடுத்துவிடக் கூடாதென்று திரைப்பாலம் கொண்டுவந்த விதி அது. அந்த விதியை எல்லாத் தியேட்டருக்கும் அனுப்பி வைத்ததும் ஆதிதான். தலையில் அடித்துக்கொண்டாள்.

சீட்டில் வந்து உட்கார்ந்து கமலவேணி தியேட்டரின் கேமராவைத் திறந்தாள். கம்பெனியில் இவளைப் போன்ற ஆபரேட்டர்கள் எவ்வளவு கூட்டம் என்று பார்ப்பதற்கென்று கொடுத்த வசதி. மங்கலான நீல வெளிச்சத்தில் வரிசை வரிசையாக முகங்கள். நடு வரிசையில் அப்பா, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. இடது பக்கம் சித்தப்பா. வலது பக்கம் பரிதி, அவனை ஒட்டிச் செண்பா, தலை நிறையப் பூ. அப்பா திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை வைத்து எதையும் சொல்ல முடியவில்லை. இந்த மனுஷன் தூக்கி வளர்த்தவர், காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்க நெற்றியில் துணி மாற்றியவர். அவரைப் போய்க் கொலைகாரன் என்று நினைக்கிறேனே என்று அவளுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. சித்தப்பா அடிக்கடி குனிந்து அப்பா காதில் ஏதோ சொன்னார். அப்பா தலையாட்டினார்.

மாடசாமி அண்ணனுக்குப் போட்டாள். சாயங்காலக் கூட்ட நெருக்கடியில் அவர் எடுக்கவில்லை. இவள் வீட்டு ஆட்கள் வந்திருப்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கும், அதனால் என்ன?

ஒரே வழிதான் இருந்தது. ஒரு தியேட்டரின் பிரதி பழுது என்று ஆபரேட்டர் குறித்தால், இடைவேளையில் வேறு தியேட்டரிலிருந்து நல்ல பிரதியை இழுத்து மாற்றிக்கொள்ளலாம். வடபழனிப் பிரதிக்குப் பக்கத்தில் முடிவுப் பூட்டு என்று ஒன்று இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தாள். பூட்டினால் எந்த ஊருக்குப் போனாலும் அது மாறாது. வேலை போகும். போகட்டும்.

இடைவேளை விட்டது. சாத்தனேரியைப் பழுது என்று குறித்தாள். வடபழனிப் பிரதியைப் பூட்டி, விரலால் இழுத்துத் தெற்கே கொண்டுபோய் அந்தப் புள்ளியின் மேல் விட்டாள். 'மாற்றவா?' என்று கேட்டது. ஆம் என்றாள். மஞ்சள். கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டு, கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டாள். மஞ்சள் அசையாமல் நின்றது. பிறகு பச்சை.

இரண்டாம் பாதி முழுக்க அவள் திரையில் இருந்த அந்தச் சின்ன கேமரா ஜன்னலையே பார்த்திருந்தாள். மடைக் காட்சி வந்தது. முகங்களில் வெளிச்சம் அடித்தது. விசில் அடிக்க யாரும் எழுந்திருக்கவில்லை. முன் வரிசையில் ஒரு பெரியவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். சித்தப்பா சீட்டில் நெளிந்தார். அப்பா... அப்பா அழுதார்! முகத்தைத் துடைத்துவிட்டுக் கையை நீட்டிப் பரிதியின் தோளில் போட்டார். செண்பா அவன் மடி வழியாக எட்டி அப்பா கையைப் பிடித்துக்கொண்டாள். ஆதி வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். எத்தனை வருஷம் கழித்துப் பார்க்கிறாள் அந்த முகத்தில் அப்படி ஒரு கனிவை!

படம் முடிந்து பெயர்கள் ஓடின. வெகு நேரமாகியும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. அப்பா ஏதோ சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த நேரத்தில் போன் அடித்தது. அதில் 'அப்பா' என்று வந்தது.

எடுத்தாள். பின்னால் ஹாரன் சத்தம், கண்டக்டர் யாரோ ஊர்ப் பெயர் சொல்லிக் கத்துகிற சத்தம்.

"அப்பா? எங்க இருக்கீங்க?"

"பஸ் ஸ்டாண்டுல."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். அப்பா கமலவேணி தியேட்டர் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து பரிதியின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கையில் போன் இல்லை.

"டேவிட்," என்றாள். "டேவிட், சாத்தனேரியைப் பாரு."

டேவிட்சன் தன் திரையில் தொட்டான். "சிவப்புமா. மாத்தின பிரதியைத் தியேட்டர் வாங்கவே இல்லியே. பழைய பிரதிதான் ஓடி முடிஞ்சிருக்கு." எட்டி அவள் திரையைப் பார்த்தவன் அப்படியே நின்றான். அவன் கேமராவில் கொட்டகை காலி. ஒரு பெண் வரிசைகளுக்கு நடுவே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மட்டும் ஏன்..."

"எனக்கு இன்னும் பழைய திரைதான். உங்க வரிசைக்குத்தான் போன வாரம் புதுசு மாட்டினாங்க. ஆபரேட்டருங்க ரொம்ப டென்ஷன் ஆவுறாங்களாம், பார்க்குறவங்களுக்கு நிம்மதியா இருக்கணுமாம்." அவன் அவளுடைய திரையின் மேல் விளிம்பில் இருந்த சின்னக் கண்ணாடிப் பொட்டைக் காட்டினான். "கொட்டாய்ல இருக்குற அதே கண்ணுதாம்மா இது. உன் மூஞ்சியையும் படிச்சுக்கினு, உனக்கு எது நிம்மதியோ அதைக் காட்டிக்கினு இருக்கு."

போனில் அப்பா கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏட்டி, கேக்குதா?"

"கேக்குதுப்பா. செண்பா? செண்பா எங்க?"

"ரெண்டு பேரையும் பஸ் ஏத்திட்டேன். எங்கன்னு கேக்காத." மூச்சு வாங்கியது அவருக்கு. "அந்தப் பயல தண்ணி இழுத்துட்டுப் போவுது. கொட்டகையே எந்திரிச்சுக் கைதட்டுது. எம் பக்கத்துல எம் மருமவன் ஒக்காந்திருக்கான். கை காலு வெடவெடன்னு ஆடுது அவனுக்கு. ஒன் சித்தப்பன் எந்தோளத் தட்டி, 'பாத்தியாண்ணே'ன்னு சிரிக்கான். மூணு மாசமா நானும் அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன், பொய் சொல்லல. நெனச்சத ஊரே சேந்து கைதட்டிப் பாக்கவும் எனக்குச் சீவன் போயிட்டு. அவம் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டேன்."

அவள் சந்தேகப்பட்ட மனுஷன், எந்த நல்ல முடிவும் பார்க்காமல், தானே எழுந்து வெளியே வந்திருக்கிறார். "அப்பா..." என்றாள்.

"இரி. ஒண்ணு கேக்கணும்னுதான் போட்டேன்." அப்பாவின் குரல் தணிந்தது. "இந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போவச் சொன்னது நீயாம்லா. 'கடைசி சீன அப்பா கண்டிப்பா பாக்கணும், பாத்தா எல்லாம் சரியாயிரும்'னு சொன்னியாம். செண்பாவே சொன்னா. பஸ்ல ஒக்காந்து அழுதுக்கிட்டே சொன்னா."

"அப்பா, நான் பார்த்தது அது இல்ல. நான் பார்த்த படத்துல மாமனார் மடையைத் திறந்து தண்ணி விடுவார். மாப்பிள்ளைக்கு. அங்க ஓடுறது வேற."

"பேரு அதான?"

"பேரு அதுதான். ஆனா..."

"நடிகன் அவன்தான? அனுப்புதது நீதான?"

அவள் கண் வரைபடத்தில் சாத்தனேரிப் புள்ளிக்குப் போனது.

"தியேட்டர்ல அம்புட்டு சனம் ஒக்காந்து ஒரே படத்தத்தான தாயி பாத்தோம்," என்றார் அப்பா. கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். "சித்தப்பன் ஒரு பக்கம், பெத்த மவ ஒரு பக்கமா நின்னு என்னய அங்கன தள்ளிருக்கீய. போவுது. சிம் கார்டத் தூரப் போடச் சொல்லிட்டேன். அவுக இருக்க எடம் சித்தப்பனுக்கும் தெரியாது, ஒனக்கும் தெரிய வேண்டாம்."

வைத்துவிட்டார்.

செண்பாவின் எண்ணுக்குப் போட்டாள். அணைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் பணிவாகச் சொன்னது. மறுபடி போட்டாள். பரிதியின் எண்ணுக்கும் அதே குரல். தலை நிறையப் பூவோடு செண்பா திரையில் அப்பா பக்கம் சாய்ந்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆதியின் கண் போகும் இடமெல்லாம் அந்தப் படம் இன்னும் கொஞ்சம் தெளிவாகிக்கொண்டே வந்தது.

டேவிட்சன் எழுந்து வந்து அந்தத் திரையை அணைக்கக் கையை நீட்டினான்.

"இருக்கட்டும் டேவிட்," என்றாள் ஆதி. "செண்பாவைப் பார்க்க எனக்கு இனி வேற எடம் இல்ல."